'மீண்டும்' வேறு, 'மீண்டும் மீண்டும்' வேறு

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தப் பெரிய மென்பொருளின் மூலநிரலை இறக்கித் தேடினாலும் 'தி தி' கிடைக்கும். 'ஆஃப் ஆஃப்', 'டு டு', 'இஸ் இஸ்' எல்லாமே கிடைக்கும். ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்த தட்டுப்பிழை. நிரலுக்குள் விழுந்திருந்தால் கம்பைலர் அடுத்த நொடியே கத்தியிருக்கும். இது விழுவது கமென்ட்டில், அதாவது நிரலுக்கு மேலே அடுத்து வரப்போகும் மனிதருக்காக எழுதி வைக்கிற குறிப்பில். கம்பைலர் கமென்ட்டைப் படிப்பதே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால் அந்த 'தி தி' வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கு, ஒன்றை அழித்தால் முடிந்ததே என்று தோன்றலாம். பெரும்பாலும் அப்படித்தான். எப்போதும் அப்படி இல்லை என்பதுதான் விஷயம். ஆங்கிலத்தில் அது சின்ன விதிவிலக்கு. தமிழில் ஆவணம் எழுதும்போது அதுவே பாதி வேலை ஆகிவிடுகிறது.

முதலில் இந்தப் பிழை எப்படி வருகிறது என்று பார்ப்போம். கை நடுங்கி இரண்டு தடவை அடிப்பவர்கள் குறைவு. திருத்தும்போது வருவதுதான் அதிகம். ஒரு வாக்கியத்தின் பின்பாதியை மாற்றி எழுதுகிறோம், புதுப்பாதி 'தி' என்று தொடங்குகிறது, பழைய பாதியின் கடைசியிலும் ஒரு 'தி' மிச்சம் இருக்கிறது. அல்லது வெட்டி ஒட்டும்போது ஓரத்தில் ஒரு சொல் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. பிறகு படித்துப் பார்த்தாலும் கண்ணில் படாது. ஏனென்றால் இப்படி இரட்டிக்கிற சொற்கள் பெரும்பாலும் குட்டிச் சொற்கள். பழகிய வாசகரின் கண் அவற்றின் மேல் நிற்பதே இல்லை. அதிலும் ஒன்று வரியின் கடைசியிலும் மற்றது அடுத்த வரியின் தொடக்கத்திலும் இருந்துவிட்டால், எழுதியவரே பத்துத் தடவை படித்தாலும் தப்பிவிடும். உளவியல் புத்தகங்களில் முக்கோணத்துக்குள் 'பாரிஸ் இன் தி தி ஸ்பிரிங்' என்று வரி உடைத்து எழுதியிருக்கும் படம் ஒன்று வரும், பார்த்திருப்பீர்கள். அதே வித்தைதான்.

மனிதக் கண் விடுவதை இயந்திரம் பிடிக்கும் என்ற யோசனையும் பழசு. பெல் ஆய்வகத்தில் 1970-களின் கடைசியில் உருவான 'ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்' என்ற யூனிக்ஸ் கருவித் தொகுப்பில் இதற்கென்றே 'டபுள்' என்று ஒரு சின்ன நிரல் இருந்தது. ஜெஃப்ரி ஃப்ரீடல் 1997-ல் வெளியிட்ட 'மாஸ்டரிங் ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்' புத்தகம் தொடங்குவதே இந்த இரட்டைச் சொல் பிரச்சினையில்தான். லினக்ஸ் கெர்னலில் 2020-ல் ராண்டி டன்லப் என்பவர் இரட்டித்த சொற்களைத் தேடித் தேடி, பேட்ச் மேல் பேட்ச்சாக அனுப்பிக்கொண்டிருந்தார். அதே வருஷம் கெர்னலுக்கு வருகிற பேட்ச்களைச் சோதிக்கும் 'செக்பேட்ச்' நிரலிலும் இதைப் பிடிக்க ஒரு விதி சேர்ந்தது.

அந்த விதி பட்ட பாட்டைப் பார்த்தால் பிரச்சினை புரியும். சி மொழியில் 'லாங் லாங்' என்று ஒரு தரவு வகையே இருக்கு. அதைப் பிழை என்று சொன்னால் பாதிக் கெர்னல் பிழை. ஆகவே அதற்கு விலக்கு. பதினறும எண்களை வரிசையாக எழுதினால் 'எஃப்எஃப் எஃப்எஃப்' என்று வரும், அதற்கும் விலக்கு. கோப்புப் பட்டியலில் உரிமையாளர் பெயரும் குழுப் பெயரும் ஒன்றாக இருந்து 'ரூட் ரூட்' என்று வரும், அதற்கும் விலக்கு. இத்தனைக்கும் பிறகும் ஆங்கில இலக்கணமே அனுமதிக்கிற 'தட் தட்', 'ஹேட் ஹேட்' மிச்சம் இருக்கு. இவற்றை எந்தப் பட்டியலாலும் முழுசாகப் பிரிக்க முடியாது. வாக்கியத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கு. இரட்டித்த சொல் எப்போதும் கூடுதல் சொல் கிடையாது. சில சமயம் அது இன்னொரு சொல்லின் இடத்தில் தவறுதலாக வந்து உட்கார்ந்திருக்கும். 'இஃப் இஃப்' என்று இருப்பது 'இஃப் இட்' ஆக இருக்க வேண்டியது. 'இட் இட்' என்பது 'இட் இஸ்' ஆக இருக்கலாம். 'டு டு' என்பது 'டு பி' ஆகவோ 'டு டூ' ஆகவோ இருக்கலாம். இங்கே ஒன்றை அழித்தால் வாக்கியம் ஊனமாகிவிடும். அதோடு, இங்கே ஏதோ தப்பு நடந்திருக்கு என்று காட்டிக்கொண்டிருந்த ஒரே தடயமும் போய்விடும். அடுத்து தேடுகிற எந்தக் கருவிக்கும் அது அகப்படாது. வேர்டு மென்பொருள் இரட்டைச் சொல்லுக்குச் சிவப்புக் கோடு போட்டுவிட்டு என்ன சொல்கிறது? 'இரட்டித்த சொல்லை நீக்கு' அல்லது 'விட்டுவிடு'. 'வேறு சொல் வர வேண்டிய இடமோ?' என்ற கேள்வி அதன் பட்டியலில் இல்லை. செக்பேட்ச்சிலும் தானாகத் திருத்தும் வசதி செய்வது நீக்கம் மட்டும்தான்.

யார் இந்தத் திருத்தங்களை அனுப்புகிறார்கள் என்று பார்த்தால், நம்ம ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர். ஆவடி, பூந்தமல்லி பக்கம் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே மூன்றாம் வருஷம் படிக்கிற பையனுக்கு, திறமூல மென்பொருளில் பெயர் வர வேண்டும் என்றால் முதல் படி இதுதான் என்று யாராவது சொல்லிவிடுவார்கள். தப்பான யோசனை இல்லை. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினால் கிட் எப்படி வேலை செய்கிறது, பேட்ச்சை எப்படி அனுப்புவது, பராமரிப்பாளரிடம் எப்படிப் பேசுவது எல்லாம் ஒரு தடவையிலேயே கைவந்துவிடும். கெடுவது எங்கே என்றால், எண்ணிக்கைக்காக அனுப்பும்போது. 2020 அக்டோபரில் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' சமயத்தில் சட்டைக்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றுக்கும் உதவாத திருத்தங்களை அனுப்பி, பராமரிப்பாளர்களை அழ வைத்தார்கள். மூன்றே நாளில், தாங்களாகச் சம்மதம் தெரிவிக்கும் திட்டங்களுக்கு மட்டும்தான் செல்லும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு 'தட்டுப்பிழை திருத்தம்' என்று தலைப்புப் போட்டு வருகிற எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிற பராமரிப்பாளர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே அனுப்புகிறவர் ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும்: வாக்கியத்தைப் படித்துவிட்டுத் திருத்தியிருக்கிறார் என்பது பேட்ச்சிலேயே தெரிய வேண்டும். 'இங்கே மூன்று இடத்தில் கூடுதல் சொல்லை நீக்கினேன், நான்காவது இடத்தில் இட் என்று மாற்றினேன், ஏனென்றால் கீழே உள்ள நிபந்தனை அதைத்தான் சொல்கிறது' என்று இரண்டு வரி எழுதினால், பார்ப்பவருக்கு ஆளைப் பற்றி ஒரு மதிப்பு வந்துவிடும். வேறு திட்டத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்திருக்கிற கோப்புகளைத் தொடக்கூடாது. அடுத்த புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் காணாமல் போகும். உரிமத்தின் வாசகத்தைத் தொடவே கூடாது. சோதனைக் கோப்பில் இரட்டைச் சொல் இருந்தால் அது வேண்டுமென்றே வைக்கப்பட்டதா என்று பாருங்கள்.

கமென்ட்டில் திருத்துவதற்கும் திரையில் தோன்றும் வாசகத்தில் திருத்துவதற்கும் உள்ள வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. கமென்ட்டில் கை வைத்தால் மென்பொருளின் நடத்தை துளியும் மாறாது. திரை வாசகம் அப்படி இல்லை. கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்க்கப்படும் மென்பொருள்களில் ஆங்கில வாசகம்தான் சாவி. அந்தச் சாவியைக் கொண்டுதான் தமிழ், இந்தி, ஜெர்மன் மொழிபெயர்ப்புகளை மென்பொருள் தேடி எடுக்கிறது. ஆங்கில வாசகத்தில் ஒரே ஒரு 'தி'யை எடுத்தாலும் சாவி மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்புக் கோப்பைப் புதுப்பிக்கும்போது பழைய தமிழ் வரி 'ஃபஸ்ஸி', அதாவது சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்படும். அப்படிக் குறிக்கப்பட்ட வரியை இறுதிக் கோப்பில் வழக்கமாகச் சேர்க்க மாட்டார்கள். யாராவது ஒரு தன்னார்வலர் வந்து, பார்த்து, குறியை நீக்கும் வரை தமிழ்ப் பயனர் அந்த இடத்தில் ஆங்கிலத்தைத்தான் பார்ப்பார். ஜெர்மனுக்கு அந்தத் தன்னார்வலர் சீக்கிரம் வந்துவிடக்கூடும். தமிழுக்கு எப்போது வருவார் என்பது அந்தத் திட்டத்தின் அதிர்ஷ்டம். ஆங்கில வாசகருக்கு ஒரு உறுத்தலைப் போக்கிய அதே திருத்தம், அம்பத்தூரில் தமிழ் இடைமுகம் வைத்துக்கொண்டு கணக்கு எழுதுகிற ஒருவருக்கு ஒரு மெனுவை ஆங்கிலமாக்கிவிடும். க்னோம் போன்ற திட்டங்கள் வெளியீட்டுக்கு முன் வாசகங்களை மாற்றக்கூடாது என்று ஒரு காலத்தை ஒதுக்கி வைப்பது இதனால்தான். அதனால் திரை வாசகத் திருத்தங்களைத் தனி பேட்ச்சாகப் பிரித்து, வெளியீடு முடிந்த கையோடு அனுப்புவது நல்லது.

இனி தமிழிலேயே எழுதப்படும் ஆவணங்களுக்கு வருவோம். மொழிபெயர்த்த உதவிப் பக்கங்கள், தமிழ்வழி நிரலாக்கப் பாடங்கள், சில இடங்களில் கமென்ட்டுகளும்கூட.

ஆங்கிலத்தில் இரட்டிக்கிற குட்டிச் சொற்களுக்குத் தமிழில் தனிச் சொல்லே கிடையாது. 'தி' நமக்கு இல்லை. 'டு', 'ஆஃப்', 'இன்' எல்லாம் கு, இன், இல் என்று பெயரோடு ஒட்டிய உருபுகள். ஆக, அந்த வகைப் பிழை நமக்கு வரவே வழியில்லை. மாறாக, இரட்டித்து எழுதுவது தமிழில் இலக்கணம். தொல்காப்பியமும் நன்னூலும் இதைத் தனியாக எடுத்துப் பேசுகின்றன. சலசல, படபட மாதிரி பிரித்தால் பொருள் தராதவை இரட்டைக்கிளவி. பிரித்தாலும் பொருள் தருபவை அடுக்குத்தொடர். இரட்டைக்கிளவி பெரும்பாலும் ஒரே சொல்லாகச் சேர்ந்து எழுதப்படுவதால் கருவியின் கண்ணில் படாது. அடுக்குத்தொடரைத்தான் இடம் விட்டு எழுதுகிறோம். கருவிக்கு அது 'தி தி' மாதிரியே தெரியும்.

இப்போது ஒன்றை அழித்துப் பாருங்கள்.

'இணைப்பு கிடைக்காவிட்டால் இந்தச் செயற்கூறு மீண்டும் மீண்டும் முயலும்.' கிடைக்கும் வரை விடாது என்று அர்த்தம். 'மீண்டும் முயலும்' என்றால் இன்னொரு தடவை பார்க்கும், அவ்வளவுதான். முதல் வாக்கியத்தைப் படித்தவர், சர்வர் படுத்துக் கிடந்தால் கோரிக்கைகள் குவியுமே, இதற்கு ஒரு வரம்பு வைக்கணுமே என்று யோசிப்பார். இரண்டாவதைப் படித்தவருக்கு அந்தக் கவலையே வராது.

'மூன்று சர்வர்களுக்கும் வேறு வேறு கடவுச்சொல் வையுங்கள்.' ஒன்றுக்கொன்று மாறுபட்டிருக்க வேண்டும். 'மூன்று சர்வர்களுக்கும் வேறு கடவுச்சொல் வையுங்கள்' என்றால், இப்போது இருப்பதை மாற்றினால் போதும்; மூன்றுக்கும் ஒரே புதுக் கடவுச்சொல் வைத்தாலும் சொன்னதைச் செய்ததாகத்தான் ஆகும்.

'நூறு நூறு வரிசைகளாக எடுத்து நகர்த்தவும்.' முழு அட்டவணையும் நகர வேண்டும், ஒரு தடவைக்கு நூறு. ஒரு நூறை அழித்தால் நூறு வரிசையோடு வேலை முடிந்துவிட்டது என்று படிக்க இடம் இருக்கு.

'அந்த அந்தக் கோப்புறையில் உள்ள லாக் கோப்பை அழிக்கவும்.' சேர்த்து எழுதினால் அந்தந்த. ஒவ்வொன்றிலும் உள்ளதை என்று பொருள். 'அந்தக் கோப்புறையில்' என்றால் மேலே சொன்ன ஒன்றே ஒன்று.

நான்கிலுமே வாக்கியம் அழித்த பிறகும் இலக்கணப்படி சரியாக இருக்கிறது, கவனித்தீர்களா? 'இஃப் இஃப்' விஷயத்தில் தப்பாகத் திருத்தினாலாவது வாக்கியம் நொண்டும், யாராவது கவனிப்பார்கள். தமிழில் அழகாக, பிழையே இல்லாத, வேறு அர்த்தம் உள்ள வாக்கியம் கிடைக்கும். மெய்ப்புப் பார்ப்பவரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. நிரலைத் தெரிந்தவர்தான் பிடிக்க முடியும்.

இதில் நம் எழுத்து மரபு ஒரு சின்ன உதவி செய்கிறது. 'படிக்கப் படிக்க விளங்கும்' என்பதில் முதல் சொல்லோடு ஒற்று மிகுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற கருவிக்கு 'படிக்கப்' வேறு, 'படிக்க' வேறு. ஆகவே சரியாக எழுதிய அடுக்கை அது விட்டுவிடும். 'இதைப் படிக்க படிக்க வேண்டும்' என்று கை தவறி விழுந்ததை மட்டும் பிடிக்கும். சந்தி போட்டு எழுதுபவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் வடிகட்டி. ஆனால் 'மெல்ல மெல்ல', 'மீண்டும் மீண்டும்' போன்றவற்றில் ஒற்றுக்கு இடமில்லை. அதுவும் இல்லாமல், இணையத்தில் ஒற்றுப் போட்டு எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீங்க.

நம்ம பக்கத்து அலுவலகங்களில் எழுதப்படும் ஆங்கிலக் கமென்ட்டுகளிலும் இந்தத் தமிழ் இலக்கணம் எட்டிப் பார்க்கும். 'செபரேட் செபரேட் ஃபைல்', 'ஸ்மால் ஸ்மால் ஃபங்ஷன்' என்று எழுதியிருப்பார்கள். எஸ்டேட் டீக்கடையில் 'சூடா சூடா' என்று கேட்கிற அதே வாய்தானே. கருவி இதைத் தட்டுப்பிழை என்று காட்டும். தட்டுப்பிழை இல்லை, தனித்தனி கோப்பு என்ற கருத்து ஆங்கில உடையில் வந்திருக்கு. ஒரு 'செபரேட்'டை அழிப்பதை விட, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு என்று வாக்கியத்தை மாற்றி எழுதுவதுதான் சரியான திருத்தம்.

கருவியை நாமே எழுதலாம் என்றால் அங்கே இன்னொரு பள்ளம் காத்திருக்கு. ஆங்கிலத்துக்கு எல்லோரும் எழுதுகிற வடிவம் இது: 'ஒரு சொல், பிறகு இடைவெளி, பிறகு அதே சொல்.' பைத்தானின் வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் 'சொல் எழுத்து' என்பதற்கு ஒரு குறியீடு இருக்கு. தமிழின் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாக எண்ணுவதில்லை. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும். விளைவு: 'மற்றும் மற்றும்' என்ற உண்மையான பிழையைப் பிடிக்காது, ஏனென்றால் சொல் புள்ளியில் முடிகிறது. 'புதிய யோசனை'யைப் பிழை என்று பிடிக்கும். 'புதிய'வின் கடைசி 'ய'வும் 'யோ'வின் அடியில் உள்ள 'ய'வும் அதற்கு இரட்டைச் சொல்! தானாகத் திருத்தச் சொல்லியிருந்தால் 'புதியோசனை' என்று ஆக்கி வைக்கும். 'பெரிய யானை'க்கும் அதே கதி, 'பெரியானை'.

தப்பிக்க வழி சுலபம்தான். அந்தக் குறியீட்டை நம்பாமல், இடைவெளியை வைத்துச் சொற்களைப் பிரித்து, பக்கத்துச் சொற்களை ஒப்பிடுங்கள். பெர்லில் இந்தப் பிரச்சினை இல்லை, அதன் 'சொல் எழுத்து' குறிகளையும் சேர்த்துக்கொள்கிறது. ஒப்பிடும் முன் யூனிகோடு இயல்பாக்கம் செய்துவிட வேண்டும். 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரே மாதிரி, கணினிக்கு வேறு வேறு. ஔகாரக் குறிக்குப் பதில் 'ள' அடித்து வைத்திருப்பதை மட்டும் இயல்பாக்கத்தாலும் சரிசெய்ய முடியாது. வரி முறிவையும், அடுத்த வரித் தொடக்கத்தில் கமென்ட்டுக்காகப் போடுகிற நட்சத்திரக் குறியையோ சாய்கோட்டையோ தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டும். வரிவரியாகத் தேடுகிற கருவிகள் தவறவிடுவது அங்கேதான்.

நடுவில் காற்புள்ளி இருந்தால் விட்டுவிடுங்கள். முகவரிகள் இதற்கு நல்ல உதாரணம்: 'பூந்தமல்லி, பூந்தமல்லி வட்டம்', 'ஆவடி, ஆவடி வட்டம்'. ஊர்ப் பெயரும் வட்டத்தின் பெயரும் ஒன்று, இரண்டுமே வேண்டும். அம்பத்தூர் வட்டம் 2018-ல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியதால் பழைய மாதிரித் தரவில் மாவட்டப் பெயர்தான் திருத்த வேண்டியது, இரட்டித்த அம்பத்தூர் அல்ல.

தமிழுக்குக் கருவி செய்யும்போது நான் பட்டியலைத் தலைகீழாகப் போடுகிறேன். ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டுச் சிலவற்றுக்கு விலக்குக் கொடுப்பார்கள். இங்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஆவண நடையில் இரட்டிக்கவே காரணம் இல்லாத சொற்களை மட்டும் பிடிப்பது: மற்றும், அல்லது, ஆனால், எனவே, என்ற, ஆகிய, மூலம், இருந்து, உள்ள, வேண்டும். இவற்றில் எது இரட்டித்தாலும் கூசாமல் திருத்தலாம், அப்போதும் வாக்கியத்தை ஒரு தடவை படித்துவிட்டு. மற்ற இரட்டைகளைத் தனிப் பட்டியலாகக் காட்டட்டும், தானாகத் தொட வேண்டாம்.

மூன்று தடவை அடுக்கி வந்தால் என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். தொல்காப்பியம் விரைவுக்கு மூன்று வரை, இசைக்கு நான்கு வரை அடுக்கலாம் என்று எல்லை வைத்திருக்கு. இன்ஸ்டால் பண்ணும் பக்கத்தில் 'நிறுத்து நிறுத்து நிறுத்து' என்று யாராவது எழுதியிருந்தால், கீழே உள்ள கட்டளை வன்தட்டை முழுசாக அழிக்கிற கட்டளையா என்று முதலில் பாருங்க.